எண்ணிக்கை 32,000, ஆனாலும் ஈறில் கசிவு நிற்கவில்லை: ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் பிளேட்லெட்டை எப்படிப் பார்ப்பது?

வார்டு_செவிலி

மஜ்ஜை மாற்றுப் பிரிவுக்குப் புதிதாக வரும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். "10,000க்குக் கீழே போனால் ஒரு பை போடு" என்ற ஒற்றை வரியோடு முடிக்க மனமில்லை.

அலோஜெனிக் மாற்று (வேறொருவரின் ஸ்டெம் செல்) முடிந்து இரண்டாவது வாரம் என்று வையுங்கள். காலையில் எண்ணிக்கை 6,000. ஒரு எஸ்.டி.பி. பை (ஒரே கொடையாளரிடமிருந்து கருவியில் பிரித்த பிளேட்லெட்) ஏறுகிறது. மறுநாள் காலை 7,000. "பிளேட்லெட் ஏறவில்லை" என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பைக்குச் சொல்லிவிடுகிறோம். ஆன்டிபாடியா, காய்ச்சலா, பையிலேயே கோளாறா என்று பிரித்துப் பார்க்க வார்டிலேயே என்ன செய்யலாம்?

இதற்கு நேர் எதிரானது இன்னொன்று. எண்ணிக்கை 32,000 இருக்கும். ஆனால் ஈறில் கசிவு, தலையணை உறையில் கறை, லைன் (மத்திய நாளக் குழாய்) போட்ட இடத்து டிரெஸ்ஸிங் நனைந்துகொண்டே இருக்கும். இருக்கிற பிளேட்லெட் வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வந்தால் எந்தப் பரிசோதனையைக் கேட்பது?

இதே ஆளுக்கு லைன் உள்ள கை வீங்கி, டாப்ளரில் ரத்தக்கட்டி தெரிந்தால் ஹெப்பாரின் எவ்வளவு, எந்த எண்ணிக்கை வரை? எண்களோடு எழுதினால் கையேட்டில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.


ரத்தவங்கி_மேசை

சிஸ்டர், முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மறுநாள் காலை எண்ணிக்கையை வைத்து ஏறவில்லை என்று முடிவு கட்ட முடியாது. பை முடிந்த 10 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் ஒரு சாம்பிள் எடுங்கள். பிளேட்லெட் ஓடிய அதே லூமனில் (லைனின் உள்வழியில்) எடுக்காதீர்கள். இந்த ஒரு குழாய் ரத்தம்தான் பாதிப் பதிலைச் சொல்லும்.

கணக்கு இப்படி: ஏறிய அளவை உடல் பரப்பால் பெருக்கி, பையில் இருந்த பிளேட்லெட்டை 10¹¹ அலகில் எடுத்து அதால் வகுக்க வேண்டும். இதைத்தான் சி.சி.ஐ. என்கிறோம். ஒருவருக்குப் பரப்பு 1.6 சதுர மீட்டர், பையில் 3.2 × 10¹¹, போடுவதற்கு முன் 6,000, ஒரு மணி நேரத்தில் 11,000 என்றால், 5,000 × 1.6 ÷ 3.2 = 2,500. ஒரு மணி நேரக் கணக்கு 5,000க்குக் கீழே இருந்தால் மோசம். சில இடங்களில் 7,500 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி வந்தால்தான் ரிஃப்ராக்டரி (போட்டாலும் ஏறாதவர்) என்று எழுத வேண்டும். ஒரே ஒரு முறை வந்ததை வைத்து எழுதினால் அந்த முத்திரை நோயாளியின் ஃபைலை விட்டுப் போகவே போகாது.

அதே ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் 24,000 வந்து மறுநாள் காலை 9,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரு மணி நேரக் கணக்கு 9,000, நன்றாகவே ஏறியிருக்கிறது. 24 மணி நேரக் கணக்கு 1,500தான். ஏறிய பிறகு எங்கோ செலவாகிறது: காய்ச்சல், செப்சிஸ், ரத்தக்கசிவு, டி.ஐ.சி. (உடலெங்கும் உறைவு தூண்டப்பட்டு உறைவுக் காரணிகள் தீர்வது), கல்லீரல் நாள அடைப்பு, கிராஃப்ட் எதிர்வினை (கொடையாளர் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது), பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசின். ஒரு மணி நேரத்திலேயே ஏறவில்லை என்றால் எச்.எல்.ஏ. (திசுப் பொருத்த அடையாளம்) ஆன்டிபாடி முதல் சந்தேகம். பெரிய மண்ணீரலும் முதல் மணி நேரத்திலேயே விழுங்கிவிடும், அதனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆன்டிபாடிக்கு அனுப்புங்கள்.

பையில் எத்தனை இருந்தது என்று எங்களிடம் கேளுங்கள், சொல்ல வேண்டியது எங்கள் கடமை. எஸ்.டி.பி. என்றால் குறைந்தது 3 × 10¹¹ இருக்க வேண்டும். ஆர்.டி.பி. (சாதாரண ரத்ததானப் பையிலிருந்து பிரித்தது) ஒரு யூனிட்டில் அதில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். இரண்டு ஆர்.டி.பி. போட்டுவிட்டு ஏறவில்லை என்பது நோயாளியின் குற்றமில்லை.

பை கைக்கு வந்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். நல்ல பிளேட்லெட் என்றால் உள்ளே பட்டுச் சேலை மடிப்பு அசைவதுபோல மினுமினுப்பு சுழலும். தட்டு வடிவத்தில் இருக்கிற பிளேட்லெட் ஒளியைத் திருப்புவதால் வருவது அது. குளிர்ந்தாலோ அமிலத்தன்மை ஏறினாலோ உருண்டையாகிவிடும், மினுமினுப்பு போய் மந்தமாகத் தெரியும். அப்படி இருந்தால் போடாமல் திருப்பி அனுப்புங்கள். வைக்க வேண்டியது 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில். வார்டு ஃபிரிட்ஜில் வைத்த பை வீண்தான். "அப்புறம் போடலாம்" என்று மேசையில் வைப்பதும் கூடாது. வந்ததும் புது செட்டில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டுங்கள். 4 மணி நேரம் கடைசி எல்லை. மாற்று நோயாளிக்குப் போகும் ஒவ்வொரு பையும் 25 கிரே கதிர் காட்டியதாகவும் வெள்ளணு நீக்கியதாகவும் இருக்க வேண்டும். ஆம்ஃபோடெரிசினுக்கும் பிளேட்லெட்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

எச்.எல்.ஏ. ஆன்டிபாடி உறுதியானால், கிடைத்த பையையெல்லாம் தினமும் போடுவதால் பலன் இல்லை. எச்.எல்.ஏ. பொருந்தும் கொடையாளர், அல்லது கிராஸ்மேட்ச் செய்து ஒத்துப்போன பை, இரண்டில் ஒன்று வேண்டும். இங்கே பலரும் மறந்துபோவது: உடன்பிறந்தவர் முழுப் பொருத்தத்தோடு ஸ்டெம் செல் கொடுத்திருந்தால், மாற்றுக்குப் பின் அவருடைய பிளேட்லெட்தான் மிகச் சிறந்த பொருத்தம். கதிர் காட்டித்தான் போட வேண்டும். பாதிப் பொருத்தம் உள்ள ஹாப்லோ மாற்றில் இந்தக் கணக்கு செல்லாது. கொடையாளருக்கு எதிராகவே ஆன்டிபாடி இருக்கலாம்.

மாற்றுக்கு முன்பு விதி தலைகீழ். கொடையாளராக வாய்ப்புள்ள அண்ணன், தங்கை, அப்பா, அம்மா யாரிடமும் ரத்தமோ பிளேட்லெட்டோ வாங்காதீர்கள். அவர்களுடைய அணுக்களுக்கு எதிராக உடல் முன்கூட்டியே பழகிவிட்டால் கிராஃப்ட் நிராகரிப்பு வரை போகும். குடும்பம் ஆர்வமாக வரிசையில் நிற்கும். மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் காரணத்தை விளக்கி மறுக்க வேண்டும்.

இன்னொன்று ரத்த வகை. நோயாளி ஓ, கொடையாளர் ஏ என்றால் சிவப்பணு ஓ, பிளேட்லெட் ஏ. நோயாளி ஏ, கொடையாளர் ஓ என்றால் சிவப்பணு ஓ, பிளேட்லெட் ஏ. ஏ, பி குறுக்கே போனால் சிவப்பணு ஓ, பிளேட்லெட் ஏ.பி. மாற்று நடந்த நாளிலிருந்தே இதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.


உறைவு_ஆய்வகம்

32,000 கேள்விக்கு வருகிறேன். பரிசோதனை கேட்பதற்கு முன் ஒரு தகவலை மனதில் வையுங்கள். 2010இல் வந்த பிளாடோ (பிளேட்லெட் டோஸ்) ஆய்வில், காலை எண்ணிக்கை 5,000 அல்லது அதற்கும் கீழே இருந்த நாள்களில் 25 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு இருந்தது. 6,000 முதல் 80,000 வரை எங்கே இருந்தாலும் அது 17 சதவீத நாள்கள்தான். அதாவது அந்த நீண்ட இடைவெளி முழுவதும் கோடு கிட்டத்தட்ட தட்டை. 32,000இல் கசிகிறவருக்கு 50,000 ஆக்கினால் நின்றுவிடும் என்று நம்பி இன்னொரு பை போடுவதற்கு முன், வேறு என்ன குறை என்று தேடுங்கள்.

இந்த எண்ணிக்கையில் அக்ரிகோமெட்ரி (பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டுவதை அளப்பது) கேட்காதீர்கள். 1 லட்சத்துக்குக் கீழே போனால் முடிவை நம்ப முடியாது; எண்ணிக்கைக் குறைவே செயல் குறைவு போலத் தெரியும். பி.எஃப்.ஏ. கருவியும் (பிளேட்லெட் அடைக்க எடுக்கும் நேரத்தை அளப்பது) அப்படித்தான். எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே, ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 30க்குக் கீழே என்றால் நேரம் நீண்டுதான் வரும், அதில் செய்தி ஒன்றும் இல்லை. குறைந்த எண்ணிக்கையிலும் செயலைக் காட்டக்கூடியது ஃப்ளோ சைட்டோமெட்ரி. அது எல்லா இடத்திலும் கிடையாது, அவசரத்துக்கும் உதவாது. அதனால் மருந்துப் பட்டியலையும் மற்ற ரிப்போர்ட்டுகளையும் வைத்துத்தான் செயல் குறையைப் பிடிக்க வேண்டும்.

முதலில் ஹெமட்டோக்ரிட். சிவப்பணுக்கள் குழாயின் நடுவில் ஓடிப் பிளேட்லெட்டைச் சுவரோரம் தள்ளுகின்றன. சிவப்பணு குறைந்தால் பிளேட்லெட் நடுவோட்டத்திலேயே போய்விடும், சுவரில் கிழிசல் இருந்தாலும் ஒட்டாது. பிளாடோ தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, ஹெமட்டோக்ரிட் 25க்குக் கீழே இருந்தவர்களுக்கும் உறைவு நேரம் நீண்டிருந்தவர்களுக்கும் கசிவு அதிகம் என்று தெரிந்தது. ஹீமோகுளோபின் 7 இருந்தால் போதும் என்பது கசிவில்லாதவருக்குச் சரி. கசிகிறவருக்கு 8, 9 வரை கொண்டுபோகச் சொல்வேன்.

அடுத்து யூரியா. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கும். யூரியா ஏறிய ரத்தத்தில் பிளேட்லெட் மந்தமாகிவிடும், எண்ணிக்கை எத்தனை இருந்தாலும்.

பிறகு மருந்துகள். காய்ச்சலுக்கு நாள்கணக்கில் ஓடும் பைப்பெராசிலின் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகள் அதிக அளவில் பிளேட்லெட்டின் மேற்பரப்பை மூடிவிடும். ஓரிரு நாளில் தொடங்கும், நிறுத்திய பிறகும் சில நாள்கள் நீடிக்கும். ஆன்டிபயாடிக்கை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, காரணங்களில் ஒன்றாக எழுதிவையுங்கள் என்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் வகை மாத்திரைகள், வீட்டிலிருந்து கொண்டுவந்த டைக்ளோஃபெனாக், கிராஃப்ட் எதிர்வினைக்கு இப்ருடினிப், இவையும் பட்டியலில் வேண்டும்.

நாலாவது, பிளேட்லெட்டைத் தாண்டிய உறைவுக் காரணிகள். வாய்ப்புண்ணால் பத்து நாளாகச் சாப்பாடு இல்லை, குடல் கிருமிகளும் ஆன்டிபயாடிக்கில் அழிந்துவிட்டன. வைட்டமின் கே எங்கிருந்து வரும்? உறைவு நேரப் பரிசோதனைகளில் பி.டி. முதலில் நீளும், ஏ.பி.டி.டி. கொஞ்ச நாள் சும்மா இருக்கும், ஏனென்றால் ஏழாம் காரணிக்குத்தான் ஆயுள் மிகக் குறைவு. 10 மில்லிகிராம் வைட்டமின் கே, சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் மெதுவாக. 12 முதல் 24 மணி நேரத்தில் பி.டி. இறங்கினால் பதில் கிடைத்துவிட்டது. இறங்காவிட்டால் கல்லீரலைப் பாருங்கள்.

ஃபைப்ரினோஜனில் (உறைவுப் புரதம்) ஒரு பொறி உண்டு. காய்ச்சல் இருக்கும்போது அது 400, 500 என்று உயர்ந்திருக்கும். போன வாரம் 520, இன்று 190 என்றால் லேப் தாளில் அது "நார்மல்" என்றே அச்சாகும். ஆனால் டி.ஐ.சி. ஆரம்பித்திருக்கலாம். எண்ணைவிடச் சரிவைப் பாருங்கள். கசிவோடு 150க்குக் கீழே போனால் கிரையோ (ஃபைப்ரினோஜன் செறிந்த பிளாஸ்மாப் பகுதி) கொடுங்கள், பெரியவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் பத்துப் பை.

சாம்பிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வார்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் இங்கேதான். ஹெப்பாரின் லாக் போட்ட லூமனில் எடுத்தால் ஏ.பி.டி.டி. நீண்டு வரும், பிளாஸ்மா ஏற்றுவது வரை போய்விடுவார்கள். முடிந்தால் கை நரம்பில் எடுங்கள். லைனில்தான் என்றால் முதல் 10 மில்லியை ஒதுக்கிவிட்டு எடுங்கள். நீல மூடிக் குழாய் கோடு வரை நிரம்ப வேண்டும், பாதிக் குழாய் என்றால் சிட்ரேட் அதிகமாகி நேரம் தானாக நீளும். காரணமே இல்லாமல் எண்ணிக்கை திடீரென்று பாதியாகிவிட்டால் ஸ்மியரில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். சாம்பிள் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ. சிலருக்கு அப்படிச் செய்யும். சிட்ரேட் குழாயில் எடுத்து, வந்த எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மை தெரியும்.

கருவியில் ஐ.பி.எஃப். வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். இளம் பிளேட்லெட்டின் பங்கு அது. எண்ணிக்கை ஏறுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது ஏறும். எண்ணிக்கை குறைவு, ஐ.பி.எஃப். அதிகம் என்றால் மஜ்ஜை வேலை செய்கிறது, வெளியே செலவாகிறது. இரண்டும் குறைவென்றால் உற்பத்தியே இல்லை.


மாற்று_மருத்துவர்

மேலே இருவரும் சொன்னதோடு, எத்தனையாவது நாள் என்பதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். அதே 8,000க்கு 10ஆம் நாளில் ஒரு அர்த்தம், 60ஆம் நாளில் வேறு அர்த்தம். சொந்த ஸ்டெம் செல் என்றால் இரண்டு வாரத்தை ஒட்டி 20,000ஐத் தாண்டும். தொப்புள்கொடி ரத்தம் என்றால் ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். அங்கே 30ஆம் நாளில் பயப்படத் தேவையில்லை.

முதல் மூன்று வாரத்தில், நேற்று வரை இரண்டு நாளைக்கு ஒரு பை போதுமாக இருந்தவருக்குத் திடீரென்று தினமும் ஒன்று தேவைப்படுகிறது என்றால், எடைத் தராசைப் பாருங்கள். காலையும் மாலையும் ஒரே தராசு, ஒரே உடை. மாற்றுக்கு முந்தைய எடையைவிட 5 சதவீதம் கூடி, வலது விலாவுக்குக் கீழே வலியும் இருந்தால் அது கல்லீரல் நாள அடைப்பு, வி.ஓ.டி. பிலிருபின் 2ஐத் தாண்டும் வரை காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கும் இந்த நோய் தாமதமாக வருபவர்களுக்கும் அது தாண்டாமலே இருக்கலாம். டாப்ளரில் போர்ட்டல் ஓட்டம் திரும்புவது பிந்தைய அறிகுறி, முதல் டாப்ளர் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. புசல்பான் கொடுத்தவர்கள், முன்பு இனோட்டுசுமாப் அல்லது ஜெம்டுசுமாப் வாங்கியவர்கள் இதில் அதிக ஆபத்தில் இருப்பவர்கள்.

மருந்து டெஃபிப்ரோடைட். கிலோவுக்கு 6.25 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு டோஸும் 2 மணி நேரம் ஓட வேண்டும், குறைந்தது 21 நாள். இதற்கே ரத்தக்கசிவு வாய்ப்பு உண்டு. ஹெப்பாரினோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

மூன்று வாரத்துக்கு மேல், 100ஆம் நாள் வரை, என் கவலை டி.எம்.ஏ. (நுண்குழாய்களில் கட்டி அடைப்பது) பற்றித்தான். ஏறிய பிளேட்லெட் மறுபடி விழுகிறது, எல்.டி.எச். (அணுக்கள் உடையும்போது கூடும் நொதி) ஏறுகிறது, ரத்த அழுத்தத்துக்கு மூன்றாவது மாத்திரை தேவைப்படுகிறது, சிறுநீரில் புரதம். இந்த நான்கும் சேர்ந்தால் உடைந்த சிவப்பணு தெரிகிறதா என்று ஸ்மியரைப் பாருங்கள்; முதல் ஸ்மியரில் தெரியாமலும் போகலாம், மறுபடி பாருங்கள். கூம்ப்ஸ் (சிவப்பணு மீதான ஆன்டிபாடிப் பரிசோதனை) நெகட்டிவாக இருக்கும், சிவப்பணு உடைந்தால் குறையும் ஹாப்டோகுளோபின் இறங்கியிருக்கும். ஆடம்ட்ஸ்-13 (ADAMTS13) நொதி அளவு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது டி.டி.பி. (அந்த நொதி குறைவதால் வரும் இதே போன்ற நோய்) இல்லை, பிளாஸ்மா மாற்றினால் பெரிதாகப் பலன் கிடைக்காது. நுண்குழாயின் உட்சுவர் காயப்பட்டு, காம்ப்ளிமென்ட் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள்) தூண்டப்பட்டு, பிளேட்லெட் அங்கே ஒட்டிச் செலவாகிறது. காம்ப்ளிமென்டைத் தடுக்கும் எக்குலிசுமாப் கொடுக்கத் தொடங்கினால் மெனிங்கோகாக்கஸுக்கு எதிரான ஆன்டிபயாடிக்கும் அன்றே தொடங்க வேண்டும். இந்த நேரத்தில் தடுப்பூசியை மட்டும் நம்ப முடியாது.

இந்த அறிகுறிகள் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் விழுந்தால் சைட்டோமெகலோ வைரஸ், அதற்குக் கொடுத்த கான்சைக்ளோவிர், கோட்ரைமாக்சசோல், லினிசோலிட், இவற்றை முதலில் விசாரியுங்கள். கைமெரிசமும் (கொடையாளர் அணுக்களின் பங்கு) பாருங்கள்.


வார்டு_செவிலி

மிக்க நன்றி. ஹெப்பாரின் கேள்வி இன்னும் நிற்கிறது. கூடவே ஒன்று: சிறுநீர் சிவப்பாகப் போகிறவருக்கு டிரானெக்சமிக் அமிலம் (கட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து) எழுதியிருந்தால் கொடுக்கலாமா?


மருந்தகம்_மாடி3

முதலில் சிறுநீர். கொடுப்பதற்கு முன் டாக்டரை அழைத்துக் கேளுங்கள், சிஸ்டர். சிறுநீர்ப்பையிலும் நீர்க்குழாயிலும் ரத்தம் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும். பி.கே. வைரஸால் வரும் சிஸ்டைட்டிஸில் (சிறுநீர்ப்பை அழற்சி) வேண்டியது மூன்று வழிக் குழாய், கட்டிகளைக் கையால் உறிஞ்சி எடுப்பது, பிறகு தொடர் சலைன் கழுவல். பிளேட்லெட்டை 50,000க்கு அருகில் வைப்பது. வி.ஓ.டி., டி.எம்.ஏ., டி.ஐ.சி. சந்தேகம் இருந்தாலும் டிரானெக்சமிக் வேண்டாம். கசிவு வராமல் தடுக்க எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த ஏ-டிரீட் ஆய்வில் கசிவு குறையவில்லை, லைன் அடைப்புதான் கூடியது. ஈறுக்கு மட்டும் என்றால் நல்ல மருந்து: 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கரைத்து, இரண்டு நிமிடம் வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும், நாளைக்கு நாலு தடவை.

லைன் கட்டிக்கு வருகிறேன். பிளேட்லெட் குறைவு கட்டியைத் தடுக்காது. 1,514 மாற்று நோயாளிகளைப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில் 180 நாளுக்குள் 4.6 சதவீதம் பேருக்குக் கட்டி வந்தது; அதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணிக்கை 50,000க்குக் கீழே இருந்தபோதே வந்தது. 50,000க்கு மேல் என்றால் எனாக்சபாரின் (ஹெப்பாரின் வகை ஊசி) முழு டோஸ், கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. 25,000 முதல் 50,000 வரை பாதி. 25,000க்குக் கீழே நிறுத்தம். நுரையீரலுக்குப் போன கட்டி, தொடை நாளத்தில் புதுக்கட்டி என்றால் மட்டும் பிளேட்லெட் போட்டு 40,000 முதல் 50,000 வரை தூக்கி நிறுத்தி முழு டோஸ் கொடுப்பார்கள். லைன் கைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30க்குக் கீழே என்றால் எனாக்சபாரின் உடலில் தேங்கும், சாதாரண ஹெப்பாரின் டிரிப்புக்கு மாற்றுங்கள்.

டோஸ் எழுதியது நேற்றைய எண்ணிக்கைக்கு என்பதை மறக்க வேண்டாம். ஊசி போடும் வேளையில் அன்றைய காலை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அபிக்சபான், ரிவராக்சபான் மாத்திரைக்கு மாற்றலாமா என்று குடும்பத்தினர் கேட்பார்கள். போசகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் ஓடும்போது அவற்றின் அளவு ரத்தத்தில் கூடிவிடும், வேண்டாம்.

யூரியா ஏறிக் கசிகிறவருக்கு டெஸ்மோபிரசின்: கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம், 50 மில்லி சலைனில், அரை மணி நேரம். இரண்டு மூன்று டோஸுக்கு மேல் வேலை செய்யாது, சேமிப்பில் இருந்த வான் வில்லபிராண்ட் காரணி தீர்ந்திருக்கும். அன்று முழுவதும் தண்ணீரைக் கட்டுப்படுத்தி சோடியம் பாருங்கள், வலிப்பு வரும் அளவுக்கு அது விழலாம்.

உற்பத்தியே மந்தம் என்று முடிவாகி, அதைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக் தொடங்கினால், மாத்திரைக்கு முன் 4 மணி நேரமும் பின் 2 மணி நேரமும் பால், தயிர், கால்சியம், இரும்பு, அமில முறிவு மாத்திரை எதுவும் கூடாது. உலோக அயனியோடு பிணைந்து குடலிலேயே வெளியேறிவிடும். டாக்ரோலிமஸ் வாங்குகிறவர்கள் எல்லோரும் மெக்னீசியமும் வாங்குவார்கள், அது இந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கும் தோன்றுவதில்லை. வெறும் வயிற்றில் விடிகாலை 5 மணிக்கு எல்ட்ரோம்போபாக், மெக்னீசியம் மதியத்துக்கு மேல் என்று மருந்துச் சீட்டிலேயே நேரம் போட்டு எழுதிவிடுங்கள்.